மணி அடித்தபோது ஓடிய மீன்கள்

பள்ளிக்கூடத்துக்குக் கணினிகள் வந்தபோது முதலில் பயந்தவள் நான்தான். ஏழாம் வகுப்பில் சண்டையால் இடம்பெயர்ந்து, பிறகு வகுப்புப் பக்கமே போகாதவள் நான். பிள்ளைகளை விளையாட விட்டுக் கணக்குப் படிப்பிக்கிறார்களாம் என்று கேள்விப்பட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மகளுக்கு ஏற்கெனவே வாய்ப்பாடு ஏறாது. இனி விளையாட்டும் சேர்ந்தால் என்ன ஆவாள்?

என் கணவருக்கு அது பகிடி. "கடலிலை மீன் இல்லையெண்டு இப்ப பெட்டிக்குள்ளை பிடிக்கினமோ?" என்றார்.

உண்மையிலேயே அது மீன் பிடிக்கிற விளையாட்டுத்தான். திரையில் ஒரு கணக்கு வரும். விடையைச் சுமந்து நீந்துகிற மீனைப் பிடிக்க வேண்டும். பிந்தினால் மீன் ஓடிவிடும். நடுப்பகலில் மாதா கோயில் மணி கேட்டதும் ரீச்சர் விளையாட்டை நிறுத்துவார். எல்லாரும் எழுந்து மூவேளைச் செபம் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். அந்த மீன்களின் பின்னால் போய்த்தான் என் மகள் வாய்ப்பாடு படித்தாள். கருவாடு காயப் போடுகையில் தன்பாட்டில் சொல்லிக்கொண்டு திரிவாள். கேட்க ஆசையாக இருக்கும். ஆசைப்படவும் பயமாக இருக்கும்.

பிறகு பட்டணத்தில் ஒரு தெரிவுப் பரீட்சை வைத்தார்கள். அதே விளையாட்டு. கூடப் புள்ளி எடுக்கிற பிள்ளைகளுக்கு அங்கேயே பெரிய பள்ளிக்கூடத்தில் இடம், விடுதியோடு. எங்கள் ஊரில் மேல்வகுப்பு இல்லை; தினமும் கொண்டுபோய் விட ஆளும் இல்லை. கிடைக்காவிட்டால் என்னோடு நின்று மீன் வெட்டட்டும் என்று என் கணவர் முன்பே சொல்லிவிட்டார்.

பரீட்சையன்று நான் வெளியே வேப்பமரத்துக்குக் கீழே நின்றேன். நடுப்பகல் மணி அடித்தது. நின்ற இடத்திலேயே சிலுவை போட்டுச் செபம் சொன்னேன். அவளுக்காகத்தான் சொன்னேன். வெளியே வந்தவளின் முகத்தைக் கண்டதுமே என்னவென்று கேட்டேன்.

"மணி அடிச்சுது. எழும்பிச் செபம் சொன்னனான். திரும்ப இருந்து பாக்க, மீனெல்லாம் ஓடிட்டுதம்மா."

"மற்றப் பிள்ளைகள்?"

"ஒருத்தரும் எழும்பேல்லை. எங்கட ரீச்சர் எண்டா நிப்பாட்டியிருப்பா."

அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. ரீச்சர் போய்ப் பரீட்சை வைத்தவர்களோடு கதைத்துப் பார்த்தார். புள்ளியைப் போட்டது கணினி, தங்களால் மாற்றேலாது என்றார்களாம்.

விளையாட்டில் பிள்ளை படிக்குமா என்று யாரும் கேட்டால் ஓம் என்றுதான் சொல்வேன். என் பிள்ளை படித்தாள். படித்து என்ன? நான் எதற்கெல்லாமோ பயந்திருக்கிறேன். செபத்துக்கு எழும்புவாள் என்று பயப்பட மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

இப்போது என் பக்கத்தில் இருந்து மீன் வெட்டுகிறாள். கை வேகம். வாய்ப்பாடு சொல்வதில்லை. நேற்று நடுப்பகல் மணி அடிக்க நான் கத்தியை வைத்துவிட்டு எழுந்தேன். அவள் எழும்பவில்லை.

"எழும்பன் பிள்ளை."

"நேரம் போயிடும் அம்மா" என்றாள், நிமிராமலே.