பிளாப்பிக்கு வைத்த பொட்டு

காணாமல் போன தகவலை மீட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சின்னக் கடை. பிளாப்பி, சிடி, ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ், மெமரி கார்டு என்று எதில் போட்டு வைத்து எப்படித் தொலைத்தாலும் கடைசியில் என் மேஜைக்குத்தான் வரும். அலட்சியமாக வைத்துக் கெட்டுப்போனது குறைவு. பத்திரமாக வைத்துக் கெட்டுப்போனதுதான் அதிகம். இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம், பட்டவர்கள். மற்றவர்கள் வீட்டு மேஜை டிராயரை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுப் படியுங்கள்.

கொல்லையில் தொங்கிய கல்யாணம்

பொதட்டூர்பேட்டைப் பக்கம் நெல் போடுகிறவர் ஒருவர், இங்கே கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்க வந்தபோது ஒரு சிடியைக் கொண்டுவந்தார். மகளுடைய கல்யாண வீடியோ. பின்பக்கம் வெளுத்துப் போயிருந்தது. நடு ஓட்டையில் நைலான் கயிறு. இது என்ன கயிறு என்று கேட்டேன். "ஊட்ல வெச்சா பேரப்பசங்கோ கீறிடுதுங்கோ நைனா. அதான் கொல்லில கொம்பு நட்டு, கைக்கு எட்டாத உயரத்துல கட்டிட்டேன். கதிரு மேல கிளியும் வர்றதில்ல" என்றார்.

வெயில் பட்டால் சிடியில் எழுதியது அழிந்துவிடும், இனி ஒன்றும் செய்ய முடியாது என்று எனக்குத் தெரிந்த தமிழில் எல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். சிடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கிளிங்களுக்கு இன்னும் பளபளன்னு தெரியுது. உன் மெஷினுக்கு மட்டும் இன்னா கேடு?"

அரிசி வைத்தியம்

ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு வந்த ஒருவர் ஹார்ட் டிஸ்க் ஒன்றை மேஜையில் வைத்தார். கட்டிலிலிருந்து கீழே விழுந்ததாம். அன்றிலிருந்து டொக் டொக் என்கிறதாம். வயர் செருகும் ஓட்டைக்குள் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. கிடுக்கியால் எடுத்தேன். அரிசி.

தண்ணீரில் விழுந்த போனை அரிசியில் போடுகிறார்கள், சரி. தரையில் விழுந்ததை எதற்கு அரிசி டிரம்மில் புதைக்க வேண்டும்? இத்தனைக்கும் உள்ளே ஒரு சொட்டு ஈரம் கிடையாது. நான் முறைத்ததை அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்: "ரேஷன் அரிசி இல்லண்ணே. நல்ல பொன்னி அரிசிலதான் போட்டோம்."

உறுதி

வேப்பம்பட்டிலிருந்து ரயில் மாறி கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்குப் போகும் பெண் ஒருத்தி. போனிலிருந்து மெமரி கார்டு அடிக்கடி வெளியே வந்துவிடுகிறது என்று, ஒரு சொட்டு கெட்டிப் பசையை விட்டு ஒட்டிவிட்டாள். போன் உள்ளே அப்படி ஒரு கார்டு இருப்பதையே ஒப்புக்கொள்ளவில்லை. என் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு ஆறுதல் சொன்னாள்: "ஆனா இனிமே அது எங்கயும் போவாதுண்ணா."

உள்ளே இருக்கிறவருக்கும் பூஜை

மேலே சொன்னதெல்லாம் சிரித்துவிட்டு விடக்கூடியவை. முனிரத்தினம் விஷயம் அப்படியில்லை.

கும்மிடிப்பூண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில், இரும்புத் தகட்டில் துளை போடும் பழைய மெஷினை ஓட்டுகிறவர் முனிரத்தினம். அவருடைய அப்பா அம்மா அண்டை நிலங்களில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். குடும்பத்தில் முதன்முதலாகக் கம்பெனி வேலைக்குப் போனவர் இவர்தான். அந்த மெஷினைத் துடைப்பதற்காக ஆயுத பூஜைக்கு மட்டும் மெயினை அணைப்பார்கள். அதன் ஞாபகம் முழுவதும் உள்ளே ஒரு பேட்டரியில் நிற்கிறது. அந்த வருடம் பேட்டரி செத்துப்போயிருந்தது யாருக்கும் தெரியாது. பூஜை முடிந்து சுவிட்சைப் போட்டால் மெஷினுக்கு ஒன்றுமே ஞாபகமில்லை. மறுபடி சொல்லிக்கொடுக்க இருந்தது ஒரே ஒரு பிளாப்பி. மெஷினைச் செய்த கம்பெனியே இப்போது கிடையாது.

அந்தப் பிளாப்பியைத்தான் என்னிடம் நீட்டினார். அதன் சறுக்கு மூடியைத் தள்ளிப் பார்த்தேன். உள்ளே கறுப்பு வட்டின் மேலேயே சந்தனம், அதன் நடுவில் குங்குமம். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். அவரே சொன்னார்: "மூடி மேல பொட்டு வெச்சா மூடிக்குத்தானேண்ணே பூஜை? வேலை செய்றது உள்ள கீறவராச்சே. மெஷின்ல போட்டேன், கிர்ருன்னு கத்திச்சி, உருவிட்டேன்."

கோபப்படத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டார். திங்கட்கிழமை ஓடவில்லையென்றால் மெஷினைப் பழைய இரும்புக்குத் தள்ளிவிடுவதாக ஓனர் சொல்லிவிட்டாராம். "புது மெஷினு வந்தா டிப்ளமா படிச்ச புள்ளைங்களத்தான் வெப்பாங்கோ. எனக்கு இத்த வுட்டா வேற ஓட்டத் தெரியாதுண்ணே."

குளிப்பாட்டு

பிளாப்பியைப் பிளந்து, உள்ளே இருந்த வட்டை விரல் படாமல் எடுத்தேன். பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரில் சோப்பு ஒரு துளி விட்டு அலசினேன். முனிரத்தினம் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. ஃபேன் காற்றில் உலர்த்தி, வேறொரு நல்ல பிளாப்பியின் கூட்டுக்குள் வைத்து மூடி, கம்ப்யூட்டரில் போட்டேன். பெயர்கள் வந்தன. காப்பி ஆகத் தொடங்கியது. பாதியில் நின்றுவிட்டது. சந்தனம் இன்னும் போகவில்லை. மறுபடி பிளந்தேன், மறுபடி அலசினேன். அவர் என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சுவரைப் பார்க்க ஆரம்பித்தார். எனக்கும் உள்ளூர பயம்தான். குங்குமத் துகள் கீறியிருந்தால் அவ்வளவுதான், நானும் கையை விரிக்க வேண்டியதுதான்.

இரண்டாவது தடவை, காப்பி ஆவதைக் காட்டும் கோடு நிற்காமல் கடைசி வரைக்கும் போனது. எல்லாவற்றையும் புதுப் பிளாப்பியில் எழுதி, இன்னொரு காப்பியைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். மெஷினில் பிளாப்பி போகும் இடத்தை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று மூன்று முறை சொல்லி அனுப்பினேன்.

திங்கட்கிழமை காலையில் போன் வந்தது. முனிரத்தினம் பெயர் தெரிந்தது, ஆனால் பேச்சில்லை. டங், டங், டங் என்று இரும்பில் இரும்பு இறங்கும் சத்தம் மட்டும். நான் காதிலிருந்து எடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அப்போது என் கண் கலங்கிவிட்டது. வெகுநேரம் கழித்து, சத்தத்துக்கு மேலே கத்தினார்: "கேக்குதாண்ணே?"

அடுத்த ஆயுத பூஜை

மெஷினும் இருக்கிறது, முனிரத்தினமும் இருக்கிறார். பேட்டரியை மாற்றிவிட்டார்கள். அடுத்த வருடம் பூஜை முடிந்ததும் பொரி, கடலை, ஒரு வாழைப்பழத்தோடு கடைக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து பிளாப்பியை எடுத்துக் காட்டினார். பிளாஸ்டிக் மேல், ஓரமாக, மிளகு அளவுக்கு ஒரே ஒரு பொட்டு. சரியா என்பது போல என் முகத்தைப் பார்த்தார். தலையை ஆட்டினேன். அப்படியும் அவருக்கு மனசு ஆறவில்லை: "மூடிக்கு மட்டுந்தாண்ணே வெச்சிக்கீறேன். உள்ள கீறவரு கோச்சிக்கினா நீங்கதான் பதில் சொல்லணும்."

தூசு, ஈரம், வைரஸ் எல்லாவற்றிலிருந்தும் தகவலைக் காப்பாற்ற ஏதாவது ஒன்று விற்கிறது; பத்திரமாக வைத்துக்கொள்கிறேன் என்பவரிடமிருந்து காப்பாற்றத்தான் ஒன்றும் இன்னும் வரவில்லை, வந்தால் என் கடையை மூட வேண்டியதுதான்.