ஸ்டீபன் சாரின் வெறுங்கால் கச்சேரி

பாண்டி பஜாரில் தையல்காரரிடம் துணியைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கும்போது ஸ்டீபன் சாரின் மனைவி ரீட்டாவின் போன் வந்தது. "அக்கா, அவரு போயிட்டாருக்கா. டீ குடிச்சிக்கினே பேப்பர் பாத்துக்கினு இருந்தாரு. நெஞ்சு ஒரு மாரி கீதுன்னாரு. ஆட்டோ புடிக்கறதுக்குள்ள..." அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்த கையோடு இதை எழுதுகிறேன். ஸ்டீபன் சாரைத் தெரிந்தவர்கள் என் எழுத்தில் குற்றம் கண்டுபிடிக்கட்டும், அவருக்கும் அது பிடிக்கும். ஆனால் இந்த ஊரில் அவரைத் தெரியாதவர்கள்தான் அதிகம். முக்கியமாக அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

பட்டினப்பாக்கத்தில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். தந்தையார் கடலுக்குப் போனார், தாயார் கூடையில் மீன் விற்றார். சர்ச்சில் ஞாயிறு பூசைக்குப் பாடும் குழுவில் டிரம்ஸ் வாசிக்கக் கற்றுக்கொண்டவர், இருபது வயதுக்குள் கபீர், மோகன் என்ற இரண்டு நண்பர்களோடு 'உப்புக்காத்து' என்று ஒரு ராக் இசைக்குழு தொடங்கினார். கபீர் கிடாரோடு பாடுவார், மோகன் பேஸ் கிடார். மற்றவர்கள் ஆங்கிலப் பாட்டைக் காப்பியடித்துக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் மெட்ராஸ் பாஷையில் தண்ணீர் லாரியையும் பஸ் நெரிசலையும் பாடினார்கள். மயிலாப்பூரில், கர்நாடக சங்கீதம் தவிர மற்றதெல்லாம் சத்தம் என்று நம்பிய வீட்டில் வளர்ந்தவள் நான். கல்லூரி விழாவில் அவர்களைக் கேட்ட அன்று எனக்குப் பைத்தியம் பிடித்தது, இன்றுவரை தெளியவில்லை.

குழு நீடிக்கவில்லை. ஒரு விழாவில், பாட்டுக்கு நடுவே கபீர் திரும்பி, மைக்கிலேயே "இழுக்காத ஸ்டீபா" என்றாராம். தாளம் பின்தங்குகிறது என்று அர்த்தம். அத்தனை பேர் முன்னால் சொன்னதை இவரால் பொறுக்க முடியவில்லை. குச்சிகளை டிரம் மேல் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். கபீர் துபாய்க்குப் போனார், மோகன் கிண்டியில் ஒரு தொழிற்சாலைக்குப் போனார். 'உப்புக்காத்து' அத்தோடு நின்றது.

இதெல்லாம் எனக்கு ஸ்டீபன் சார் வாயால் தெரிந்தது அடையாறில் நான் வேலை பார்த்த இன்சூரன்ஸ் அலுவலகத்தில். பக்கத்து மேஜைக்காரர். கல்லூரி விழாவில் தூரத்திலிருந்து பார்த்த முகம் நினைவில் இல்லாததால், மாதக்கணக்கில் அவரை வெறும் சீனியர் கிளார்க் என்று நினைத்து 'குட்மார்னிங்' சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கட்டுக் காகிதங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தார். மைப் பெட்டியில் ஒன்று, காகிதத்தில் இரண்டு, மேஜையில் சும்மா ஒன்று. எனக்குக் கை நின்றுபோனது.

"சார், இது 'தண்ணி லாரி' பாட்டு இல்ல?"

"ஆமா மேடம். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தானே வாசிச்சது" என்றார், ஏதோ டிபன் பாக்ஸ் தன்னுடையது என்பது போல. அன்று நான் எந்தக் கோப்பையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை.

பிறகு வந்த வருடங்களில் அவர் காது மந்தமாகத் தொடங்கியது. போன் அடித்தால் என் பக்கம் தள்ளிவிடுவார். "நீங்களே பேசுங்க மேடம், உங்க குரலுக்கு ஒரு மரியாதை கீது." சோம்பேறித்தனம் என்று திட்டியிருக்கிறேன். பிறகு அவரே சொன்னார். மருத்துவர்கள் கைவிரித்துவிட்டார்கள். காதுக்கு மிஷின் போட்டால் எதிரில் பேசுவது கேட்கும். "ஆனா மேடம், டிரம்ஸ் தட்டினா தகர டப்பா உருள்ற மாரி கீது. கயட்டி வெச்சிட்டா ஒண்ணுமே இல்ல." வருத்தப்படும் குரலில் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு வருத்தமாக இருந்தது.

அவர் ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் கபீர் துபாயிலிருந்து செய்தி அனுப்பினார். ஒரு வாரம் சென்னை வருகிறேன், மூவரும் ஒரே ஒரு தடவை சேர்ந்து வாசிக்கலாமா என்று. ஸ்டீபன் சார் அந்த நிமிடமே சரி என்று பதில் போட்டுவிட்டார். அதன் பிறகுதான் பயந்தார். ரீட்டாவையும் அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

"கபீர்கிட்ட சொல்லிடாதீங்க மேடம். சொன்னா, பாவம்னு வாசிக்க வுடுவான். பாவத்துக்கு நான் வாசிக்க மாட்டேன்."

"மேடையில மாட்டிக்கிட்டா?"

"இன்னொரு தபா எறங்கிப் போறேன். பயக்கம்தானே" என்று சிரித்தார். ரீட்டா சிரிக்கவில்லை. வீட்டில் அவர் தினமும் தலையணையை அடித்து அடித்துப் பாட்டுகளை நினைவிலிருந்து வாசித்துப் பார்ப்பதாக என்னிடம் தனியாகச் சொன்னாள். "இதுவும் கெட்டுப்போச்சுன்னா மனுசன் உடைஞ்சி பூடுவாருக்கா."

பெரிய அரங்கங்கள் எதற்கும் இவர்களைத் தெரியவில்லை. எங்கள் தெருக்கோடியில் இருக்கும் சின்ன சபா மண்டபத்தை நான்தான் பேசி வாங்கினேன். அதன் செயலாளர் ராமதுரை மாமா எங்கள் அடுத்த வீடு.

"பக்கவாத்தியம் என்னடி?" என்றார்.

"டிரம்ஸ் மாமா."

"ரொம்ப சத்தம் போட மாட்டாளோன்னோ?"

"போடுவா மாமா."

சற்று யோசித்தார். "சரி, எட்டு மணிக்குள்ள முடிச்சுண்டா தேவலை."

கச்சேரி அன்று பிற்பகல் ஒத்திகை. ஒத்திகை என்று அவர்களுக்கு அது ஒன்றுதான். நானும் ரீட்டாவும் முதல் வரிசையில், இல்லாத தெய்வத்தையெல்லாம் வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முதல் பாட்டு தடம் புரண்டது. கபீர் ஓரிடத்தில் இருந்தார், ஸ்டீபன் சார் வேறிடத்தில் இருந்தார். மறுபடி தொடங்கினார்கள், மறுபடியும் அதே கதி. கபீர் கிடாரை நிறுத்தித் திரும்பினார். "இழுக்கிறடா" என்றார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அதே வார்த்தை. காது மிஷினைக் கழற்றி வைத்திருந்த ஸ்டீபன் சார், அந்த உதட்டசைவைப் படித்துவிட்டுக் குச்சிகளை டிரம் மேல் வைத்தார். ரீட்டா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது.

அப்போது பார்த்து ராமதுரை மாமா உள்ளே வந்தார். வந்தவர் பார்த்தது மூன்று ஜோடி ஷூக்களை மட்டும்தான்.

"அடடா! மேடையில பாதரட்சையோட ஏறப்படாது! இது வித்தை அரங்கேறற எடம். கழட்டிட்டு வாசிங்கோ!"

"ராக்குக்கு ஷூ வேணும் மாமா" என்றார் மோகன் பாவமாக.

"எதுக்கானாலும் வேண்டாம். சாக்ஸும்தான்!"

முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார்கள். மோகன் எரிச்சலில் பேஸ் கிடாரை ஒரு தட்டு தட்டினார். அந்த மேடை பழைய காலத்துப் பலகை மேடை, உள்ளே வெற்றுக்கூடு, லேசாகத் தட்டினாலும் அதிரும். ஸ்டீபன் சார் சட்டென்று கீழே பார்த்தார். இடது காலைப் பெடலிலிருந்து எடுத்துக் கீழே ஊன்றினார். "மோகனு, இன்னொரு தபா அடி" என்றார். மோகன் அடித்தார். "அடிச்சிக்கினே இரு."

பிறகு குச்சிகளை எடுத்தார். தாளம் பேஸோடு போய் ஒட்டிக்கொண்டது. கபீர் பாடாமல் வாயைத் திறந்துகொண்டு நின்றார். ஒரு சுற்று முடிந்ததும் ஸ்டீபன் சாரே சொன்னார்: "எனக்குக் காது பூட்ச்சு கபீரு. இப்போ கால்ல கேட்டுக்கினு கீறேன்."

நான் கபீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாவம் என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். அவர் கிடாரைக் கழற்றி வைத்தார். டிரம்ஸுக்குக் கீழே விரித்திருந்த ஜமுக்காளத்தின் ஒரு முனையைப் பிடித்தார். "அப்போ இது எதுக்குடா நடுவுல? மோகன், அந்தப் பக்கம் புடி." இருவரும் அதைச் சுருட்டி எறிந்தார்கள். வழுக்காமல் இருக்க டிரம்மை முக்காலியோடு கயிற்றால் கட்டினார்கள். பேஸ் ஒலிபெருக்கியை ஸ்டீபன் சார் பாதத்துக்குப் பக்கத்தில் பலகைமேல் இறக்கி வைத்தார்கள். "ஹம் சாத் ஹைன், கூடவே இருக்கோம்டா" என்று கபீர் தன் வீட்டு உருதுவும் தமிழுமாகச் சொல்லி, இவர் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

மாலை மண்டபம் நிறைந்தது. நிறைந்தது என்றால் நூறு நாற்காலிதான். வழுக்கையும் மூட்டுவலியுமாக எங்கள் கல்லூரிக் காலத்து ரசிகர்கள் பாதி, எது நடந்தாலும் வந்து உட்காரும் சபா உறுப்பினர்கள் பாதி. முதல் வரிசையில் கால் நீட்டினால் மேடை இடிக்கும். அவ்வளவு பக்கத்தில் 'உப்புக்காத்து' வாசித்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஸ்டீபன் சார் சட்டைக் கையை மடித்துவிட்டு, வெறுங்கால் ஊன்றி, ஒரு பாட்டில்கூடப் பிசகாமல் வாசித்தார். நான் அழுதேன், கத்தினேன், விசிலடிக்க முயன்று தோற்றேன். ரீட்டா எனக்காகவும் சேர்த்து அடித்தாள்.

கடைசிப் பாட்டு முடிந்து கைத்தட்டல் எழுந்தது. கபீர் ஸ்டீபன் சாரைப் பார்த்துக் கண்ணால் அனுமதி கேட்டார், அவர் தலையாட்டினார். கபீர் மைக்கைப் பிடித்தார். "இன்னிக்கு இழுத்தது நான்தான்பா. இவனில்ல. இவனுக்கு நீங்க தட்டறது கேக்காது. கால் வழியாதான் கேட்டான், முழு கச்சேரியும்."

தட்டிக்கொண்டிருந்த கைகள் நின்றன. யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. ராமதுரை மாமாதான் எழுந்தார். நேரே மேடை விளிம்புக்கு வந்து, வேஷ்டியை இழுத்துச் சொருகிக்கொண்டு, இரண்டு உள்ளங்கையாலும் பலகையை ஓங்கி ஓங்கித் தட்டினார். அடுத்து ரீட்டா ஓடினாள். அவள் பின்னால் நாங்கள் அத்தனை பேரும். குனிய முடியாதவர்கள் கைத்தடியால் தட்டினார்கள். மேடை அதிர்ந்தது.

ஸ்டீபன் சார் முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். பெடலில் இருந்த வலது காலையும் எடுத்துப் பலகையில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். கன்னத்தில் நீர் இறங்கியது, துடைத்துக்கொள்ளவில்லை.

"இன்னா சவுண்டுடா கபீரு!" என்றார்.

எங்கள் நன்றி உங்களுக்குக் கேட்டது, ஸ்டீபன் சார். அந்த நிம்மதியோடுதான் உங்களை அனுப்பிவைக்கிறோம். போய் வாருங்கள்.