டைலர் தேடித் திருப்பதி போன கதை

உங்களுக்கெல்லாம் வேறு வேலையே இல்லையா? திருப்பதியிலிருந்து வந்தவளிடம் நாலு பேர் லட்டு கேட்பார்கள். நீங்கள் ரத்த ரிப்போர்ட் கேட்கிறீர்கள். ஐந்து மாதம் அங்கே என்ன செய்தாள், யாருக்கு என்ன வியாதி, எதற்கு இத்தனை ரகசியம் என்று தெரியாவிட்டால் உங்களுக்குச் சோறு இறங்காது. சரி, சொல்கிறேன். நடுவில் யாராவது உச்சுக் கொட்டினால் அதோடு நிறுத்திவிடுவேன்.

திங்கட்கிழமை காலை ஐந்தேகால் மணி. நகரி பஸ் நிலையத்தில் நானும் என் பேரன் முருகேசனும் நின்றோம். அவனுக்கு இருபத்து நாலு வயது. சத்தியவேடு பக்கம் புதிதாக வந்த கம்பெனி ஒன்றில் செல்போனுக்கு உள்ளே வைக்கிற ஏதோ ஒன்றைச் செய்கிறான். கேட்டால் விளக்குவான். நான் கேட்டதில்லை.

நாங்கள் போனது அவன் தங்கச்சி கௌரிக்காக. பதினாறு வயது. எலும்புக்குள்ளே ரத்தம் ஊறுகிற இடம் அவளுக்கு வற்றிக்கொண்டு வந்தது. தொட்ட இடமெல்லாம் நீலம் பூத்தது. இருபது நாளாகத் திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தாள். துணைக்கு அவள் அம்மா தேவகி, என் மருமகள். கூடப் பிறந்தவர் மஜ்ஜை கொடுத்தால் பிழைப்பாள் என்றார்கள். அண்ணனுடையதும் பொருந்தியது, அக்காள் செல்வியுடையதும் பொருந்தியது. வயசுப் பெண் உடம்பில் ஊசி எதற்கு, ஆண்பிள்ளையே கொடுக்கட்டும் என்று வீட்டில் முடிவு செய்தோம். முருகேசன் பத்து நாளாகத் தினம் நாலு முட்டை தின்று உடம்பைத் தேற்றிக்கொண்டிருந்தான்.

திருப்பதிக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல். டிக்கெட் ஆளுக்கு அறுபத்தைந்து ரூபாய். கண்டக்டர் ஆள் நல்லவன், காதுதான் பாதி.

"எங்கம்மா போறீங்க இவ்ளோ காலையில?"

"திருப்பதி ஆஸ்பத்திரிக்கு நைனா. பேத்திக்கு எலும்புல கோளாறு."

"எலும்புன்னா எதுக்கும்மா திருப்பதி? புத்தூர்ல எறங்கு. ஒரே கட்டு, எலும்பு ஒட்டிக்கும்."

"ஒடையல நைனா. உள்ள ரத்தமே ஊறல."

"அதுக்கும் கட்டுவாங்க" என்றான். புத்தூர் வந்ததும் எங்களுக்காக இரண்டு தடவை விசில் ஊதினான். நாங்கள் இறங்கவில்லை என்று வடமாலப்பேட்டை வரை என்னோடு பேசவில்லை.

ஏழு மணிக்குத் திருப்பதி. அங்கிருந்து மலைப் பஸ். ஒன்பதரைக்கெல்லாம் நானும் முருகேசனும் மொட்டை. எங்கள் தெருவில் எங்கள் வீட்டுக்குக் 'கோவிந்தா வீடு' என்று பெயர். வருஷத்துக்கு இரண்டு மூன்று மொட்டையாவது விழும். என்னுடைய பக்தியைப் பார்த்து உங்களில் எத்தனை பேர் என் காலில் விழுந்திருக்கிறீர்கள். நானும் ஆசீர்வாதம் செய்திருக்கிறேன். அதற்கு வாங்கிக் குடித்த காப்பியைத் திருப்பித் தர முடியாது.

மூன்று மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் செல்வி பெங்களூரிலிருந்து வந்து இறங்கினாள். அங்கே ஆயத்த ஆடை ஃபேக்டரியில் டைலர். சட்டைக்குக் காலர் மட்டும் தைப்பாள். நாலு வருஷமாகக் காலர்தான். முழுச் சட்டை எப்படி இருக்கும் என்று மறந்திருப்பாள் என்று நான் அவளைக் கிண்டல் செய்வதுண்டு. இடுப்பு வரை ஜடை ஆட நடந்து வந்து எங்கள் தலைகளைத் தடவிப் பார்த்தாள்.

"இன்னா ஆயா, ரெண்டு பேரும் பளபளன்னு கீறீங்க. பில்லு எவ்ளோ ஆச்சு?"

"சாமி ஃப்ரீயா செய்யறாரு. உனுக்கும் சொல்லட்டா?"

"எனுக்கு எதுக்கு? என் முடி ஒழுங்காத்தான் கீது."

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. மஜ்ஜை எடுப்பதற்கு முன் குடும்பத்தோடு பேச வேண்டும் என்று எல்லோரையும் ஒரு ரூமில் உட்கார வைத்தார்கள். பரம்பரை வியாதிகளைப் பார்க்கிற டாக்டரம்மா வந்தாள். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. தெலுங்கும் தமிழும் கலந்து பேசினாள். முதலில் கௌரியின் நகங்களைப் பார்த்தாள். கோடு கோடாகப் பிளந்திருந்தன. வாயைத் திறக்கச் சொன்னாள். நாக்கில் வெள்ளைத் திட்டு இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அவ்வா, மீ இன்ட்லோ எவரிகைனா... உங்க வீட்ல யாருக்காவது சின்ன வயசுலயே முடி நரைச்சுதா பாட்டி?"

நான் வாயைத் திறப்பதற்குள் தேவகி முந்திக்கொண்டாள். "அய்யோ, இல்லீங்க. எங்க வூட்ல எல்லாருக்கும் கருகருன்னு இருக்கும்."

டாக்டரம்மா எங்கள் கருகருவைப் பார்த்தாள். நான் மொட்டை. முருகேசன் மொட்டை. கௌரிக்கு ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்பு போட்ட மொட்டை, தலையில் துணி. அப்புறம் செல்வியின் ஜடையைப் பார்த்தாள்.

"எல்லாரும் வேண்டுதல் செஞ்சிருக்கீங்க. இந்தப் பொண்ணு மட்டும் ஏன் செய்யல?"

தேவகி மேசைக்குக் கீழே என் தொடையைக் கிள்ளினாள். அவள் பயம் எனக்குத் தெரியும். முருகேசனுக்குப் புத்தூரில் பெண் பார்த்து நிச்சயம் வரை வந்திருந்தது. பரம்பரையில் கோளாறு என்று வெளியே தெரிந்தால் அந்தக் கல்யாணம் நிற்கும். செல்வியை எவனும் கேட்டு வரமாட்டான். சும்மா இருந்தால் மானம் தப்பும். ஆனால் கதவுக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியில் கௌரி உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் ரத்தம் ஏற்றிய இடம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

"டாக்டரம்மா, எங்க சாமி கருப்பு முடி வாங்க மாட்டாரு. நரைச்சாத்தான் கேப்பாரு" என்றேன்.

அவள் எழுதுவதை நிறுத்தினாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குப் பதினேழு வயதில் தலை வெளுத்தது. பெண் பார்க்க வருவதற்கு நாலு நாள் முன்பு என் அம்மா என்னை மலைக்கு இழுத்துப் போய் மொட்டை போட்டு, பெரிய வேண்டுதல் என்று சொல்லிவிட்டாள். என்னைக் கட்டியவர் சாகிற வரை, மகா பக்தை ஒருத்தியைக் கட்டியிருக்கிறோம் என்ற நினைப்பிலேயே இருந்தார். செத்துப்போன என் மகன் ஏழுமலைக்குப் பதினைந்தில் நரைத்தது. முருகேசனுக்கும் பத்தாவது படிக்கும்போது. கௌரிக்குப் பன்னிரண்டில். நரை எட்டிப் பார்க்கும்போதெல்லாம் மலைக்கு ஒரு வேண்டுதல் முளைக்கும். செல்விக்கு மட்டும் நரைக்கவே இல்லை. அதனால் அவளைச் சாமி கேட்கவும் இல்லை.

"உங்க பையன் ஏழுமலை எப்படிப் போனாரு?"

"மூச்சு முட்டி. முப்பத்தெட்டு வயசு. தறி ஓட்னான், பஞ்சுத் தூசி நெஞ்சுல அடைச்சுக்கினு போச்சுன்னாங்க."

"தூசி மட்டும் இல்ல அவ்வா" என்றாள் மெதுவாக.

பிறகு அவள் சொன்னதில் 'டெலோமியர்' என்று ஒரு வார்த்தை வந்தது. எனக்கு 'டைலர்' என்றுதான் காதில் விழுந்தது. உங்க குடும்பத்துல டெலோமியர் சரியில்ல என்றாள். நான் செல்வியைத் திரும்பிப் பார்த்தேன்.

"நான் இன்னா ஆயா பண்ணேன்? காலர்தான தெக்கறேன்" என்றாள் செல்வி.

டாக்டரம்மா சிரித்துவிட்டாள். பிறகு கேட்டாள், "அவ்வா, நகரியில லுங்கி நெய்வாங்க இல்ல? ஓரம் அடிக்காம துவைச்சா என்ன ஆகும்?"

"தொவைக்கத் தொவைக்க நூலு பிரியும். கடைசியில கர்ச்சீப்பு ஆவும்."

"அவ்வளவுதான். உடம்புல ஒவ்வொரு அணுவுக்குள்ளயும் நூல் இருக்கு. அணு ரெண்டா பிரியும்போதெல்லாம் நூலோட நுனி கொஞ்சம் தேயும். அந்த நுனிதான் டெலோமியர். தேஞ்ச ஓரத்தைத் திரும்ப அடிச்சுக் கொடுக்க உடம்புலயே ஒரு ஆள் உண்டு. உங்க வீட்ல அந்த ஆள் சரியா வேலை செய்யல போலத் தெரியுது. உங்களுக்கு முடியோட போச்சு. குட்டையான நுனியே மகனுக்குப் போச்சு, நுரையீரல் கெட்டுது. பேத்திக்கு இன்னும் குட்டை, மஜ்ஜையே வத்துது."

"அப்ப டைலருன்னு நான் கேட்டது சரிதான்" என்றேன்.

முருகேசன் சிரிக்கவில்லை. "அப்ப நான் தரக்கூடாதா மேடம்?" என்றான்.

"ஜீன் டெஸ்ட் வரட்டும். அதுவரைக்கும் எதுவும் எடுக்க வேணாம்."

எல்லோருக்கும் ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். ரிசல்ட் வர ஐந்து வாரம். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு ரூம் எடுத்தோம், நாளுக்கு இருநூற்றைம்பது. ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும், மூடினால் மூட்டைப்பூச்சி தெரியும். தேவகி முதல் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. சோற்றை மட்டும் தட்டில் போட்டுத் தள்ளினாள்.

முருகேசன் ஒரு சாயங்காலம் மாடிக்குப் போய்ப் புத்தூர்ப் பெண்ணுக்குப் போன் செய்தான். எல்லாவற்றையும் தானே சொல்லிவிட்டு இறங்கி வந்தான்.

"இன்னாடா சொன்னா?" என்று தேவகி கேட்டாள்.

"நரைச்சா டை அடிச்சுக்கலாம், இருமுனா டாக்டராண்ட போவலாம், பொய் சொன்னாத்தான் கஷ்டம்னா" என்றான். தேவகி அன்றைக்கு என் தட்டில் அப்பளம் வைத்தாள்.

ஆறாவது வாரம், வெள்ளிக்கிழமை பதினொன்றே முக்கால். டாக்டரம்மா பேப்பரோடு வந்தாள். வந்த வேகத்திலேயே ஏதோ மாறிவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"முருகேசனுக்கும் ஓரம் பிரிஞ்சிருக்கு. இப்ப வியாதி இல்ல, ஆனா வருஷா வருஷம் செக் பண்ணிக்கணும். அவரோட மஜ்ஜையை வெச்சிருந்தா பிடிச்சிருக்குமான்னே சந்தேகம். செல்விக்கு முழுசா இருக்கு, அவங்களே குடுக்கட்டும். மஜ்ஜை ஏத்தறதுக்கு முன்னாடி போடற மருந்தும் வழக்கமான அளவு போட்டா கௌரி உடம்பு தாங்காது. குறைச்சுப் போடப்போறோம்." பேப்பரை மடித்தபடி சொன்னாள், "மொதல்ல போட்ட பிளானை மாத்த வெச்சது நீங்கதான் அவ்வா."

தேவகி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரு கமலாப்பழத்தை உரித்து, நார் எடுத்து, சுளை சுளையாக என் கையில் வைத்தாள். கிள்ளின அதே கை.

மஜ்ஜை ஏற்றிய அன்றைக்குக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். ஒரு பை. அவ்வளவுதான். தக்காளிச் சட்னி மாதிரி சொட்டுச் சொட்டாக இறங்கியது. "இவ்ளோதானா?" என்று கௌரி போனில் கேட்டாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற செல்வி, "ஓவர்டைம் போட்டுத் தெச்சு அனுப்பிக்கீறேன்டி. ஒழுங்கா போட்டுக்க" என்றாள்.

பத்தொன்பதாம் நாள் காலையில் நர்சு ஓடி வந்தாள். கௌரிக்குப் புது ரத்தம் ஊற ஆரம்பித்துவிட்டது. செல்வியின் நூல் அவள் எலும்பில் ஓடுகிறது. "கோவிந்தா" என்றேன், கொஞ்சம் பலமாகத்தான். திருப்பதியில் ஒருவர் சொன்னால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? வராந்தாவில் வரிசையில் நின்றவர்கள், மருந்துக் கடைக்காரர், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர், ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தவர் எல்லோரும் "கோவிந்தா, கோவிந்தா" என்றார்கள். சத்தம் போடாதே என்று சொல்ல வந்த நர்சும் கூடவே சொன்னாள். இத்தனை வருஷம் மொட்டையோடு சொன்ன கோவிந்தாவில் இதுதான் பொய் கலக்காதது.

பிறகும் இரண்டரை மாதத்துக்கு மேல் அங்கேயே இருந்தோம். கௌரி நாளுக்கு நாள் கூடுதலாகச் சாப்பிட்டாள், கூடுதலாகச் சண்டை போட்டாள். நுரையீரலை மட்டும் விடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். பார்த்துக்கொள்வோம்.

நேற்று ஊர் திரும்பினோம். அதே கண்டக்டர். கௌரியைப் பார்த்துவிட்டு, "புத்தூர் கட்டுதான?" என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பாவம், சந்தோஷப்படட்டும்.

தெருவில் நுழைந்ததும் எதிர்வீட்டு மங்கம்மாள் என் தலையைத்தான் முதலில் பார்த்தாள். ஐந்து மாதத்து முடி, சுண்ணாம்பு அடித்த மாதிரி.

"இன்னா பெரிம்மா, அஞ்சு மாசம் திருப்பதியிலயே இருந்துட்டு மொட்டை போடாம வந்துக்கீற?"

நாலு வீட்டுக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "எங்க வூட்டுத் துணி ஓரம் பிரிஞ்சிக்கினே வந்துச்சு மங்கம்மா. நான் பதினேழு வயசுலேந்து மடிச்சு மடிச்சு மறைச்சுக்கினு இருந்தேன். இப்ப பெங்களூர்லேந்து எங்க டைலரை வரவெச்சு தெச்சுக்கினோம். சாமிக்கு இனிமே எங்க நரை வாணாமாம். தெருவுல யாராச்சும் வழி கேட்டா, கோவிந்தா வூடுன்னு சொல்லாதீங்க. டைலர் வூடுன்னு சொல்லுங்க."