அசனத்துக்கு நிற்காமல்

இன்று ஆலயத்தில் வேதபாடம் வாசித்தபோது ஒரு வசனத்தை விட்டுவிட்டேன். அசன விருந்துக்கு நிற்காமல் வீட்டுக்கு வந்து, அந்தத் தவறை நாட்குறிப்பில் எழுதினேன். எழுத்து கோணியதால் இரண்டு தாள்களைக் கிழித்தேன். ஜன்னல் வழியே அசனக் குழம்பின் மணம் வந்தது.

பத்து வயதில், இதே பாளையங்கோட்டையில், சபைக்கு முன் நான் சொன்ன மனப்பாட வசனம் பாதியில் நின்றுபோனது. அன்றும் பந்தியில் உட்காராமல் வேப்பமரத்தின் பின்னால் ஒளிந்துகொண்டேன். அக்கா சோற்றுக் கையோடு தேடி வந்தாள்.

“ஏலே, ஏசப்பா பந்தியில வசனம் கேட்டுட்டுத்தானா சோறு போடுதாவ? எந்திச்சு வா.”

நான் போகவில்லை. பட்டினி கிடந்தால்தான் கர்த்தர் மன்னிப்பார் என்று நினைத்தேன். நாற்பது வருடமாக அப்படித்தான் இருக்கிறேன்.

மூன்றாம் தாளிலும் ஒரு சொல்லை அடித்துத் திருத்த நேர்ந்தது. கிழிக்காமல் நாட்குறிப்பை மூடிவைத்தேன். “ஆண்டவரே, பசிக்கிறது” என்று சொல்லியபடி செருப்பை மாட்டினேன்.