படகுத்துறையில் அவன் சொன்னது

என் மனைவி ஒரே ஒரு இங்கிலீஷ் படத்தைத்தான் முழுதாகப் பார்த்திருக்கிறாள். பழைய படம். ஆப்பிரிக்காவில் யானையையும் சிங்கத்தையும் சுடுகிற ஒரு வேட்டைக்காரனுக்கும், அங்கே ஆஸ்பத்திரி நடத்தும் டாக்டரின் மகளுக்கும் உள்ள கதை. கல்யாணமான புதிதில் எனக்கு அதைச் சொன்னாள். மகள் பிறந்த பிறகு சோறு ஊட்டும்போது அவளுக்குச் சொன்னாள். கரண்ட் போன நாட்களில் விசிறிக்கொண்டே சொன்னாள். நான் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. ஆனால் அதன் ஒவ்வொரு காட்சியும் எனக்குத் தெரியும்.

அதில் ஒரு இடம் வரும்போது மட்டும் அவள் குரல் தாழ்ந்துவிடும். ஒற்றைத் தந்த யானை ஒன்றைத் தேடி வேட்டைக்காரன் ஆற்றைக் கடந்து போகிறான். படகுத்துறையில் அந்தப் பெண் நிற்கிறாள். அவன் தன் தொப்பியைக் கழற்றி அவள் தலையில் வைத்து, "நான் வர்ற வரைக்கும் இத வெச்சிரு" என்கிறான். படகு போகிறது. அவள் தொப்பியோடு நின்றுகொண்டே இருக்கிறாள்.

அந்தப் படத்தை அவள் யாரோடு பார்த்தாள் என்பது எனக்குத் தெரியும். அதனால் இத்தனை வருடமாக அந்த வேட்டைக்காரனுக்கு என் மனதில் ஒரு முகம் இருந்தது. பழைய போட்டோவில் பார்த்த, அவளுடைய அத்தை மகனின் முகம்.

அவளுக்கு எடப்பாடிப் பக்கம். அப்பா தறி ஓட்டினார். அத்தையைத் திருச்செங்கோட்டில் கொடுத்திருந்தார்கள். அத்தை மகனுக்குத்தான் இவள் என்பது சின்ன வயதிலேயே பேச்சு. ஒரு தடவை வீட்டுக் கல்யாணத்துக்குத் துணி எடுக்க அம்மாவும் அத்தையும் இவளும் அவரும் சேலம் போயிருக்கிறார்கள். கடை கடையாக ஏறி இறங்கி, வெயில் தாங்காமல், எதிரே இருந்த தியேட்டரில் என்ன படம் என்றுகூடக் கேட்காமல் டிக்கெட் எடுத்து உள்ளே போய் உட்கார்ந்தார்கள். அம்மாவும் அத்தையும் மின்விசிறிக்குக் கீழே தூங்கிவிட்டார்கள். இங்கிலீஷ் புரியாத இவளுக்கு, பக்கத்தில் இருந்த அத்தை மகன் கடைசிவரை தமிழில் கதை சொன்னார்.

அதற்கு அடுத்த வருடம் அவர் ரிக் வண்டியோடு ஆப்பிரிக்கா போய்விட்டார். திருச்செங்கோட்டுப் போர்வெல் வண்டிகள் அங்கேயெல்லாம் கப்பலேறிப் போகும். போய்விட்டு வந்து கல்யாணம் என்று பெரியவர்கள் வைத்திருந்தார்கள். அவர் வரவில்லை. இன்னொரு வருடம் என்று சொல்லி அனுப்பினார், அப்புறம் அதுவும் இல்லை. இவள் வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து படுத்ததும் ஒத்துக்கொண்டாள். அப்போது கிடைத்தவன் நான். நாமக்கல் பக்கம், முட்டைக்கோழிப் பண்ணை.

இதையெல்லாம் அவள் என்னிடம் மறைக்கவில்லை. மறைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நான் நினைத்த நாட்கள் உண்டு. யானை உலாவுகிற தேசத்தில் ஒருவன் பூமியைத் துளைத்துத் தண்ணீர் எடுக்கிறான். நான் விடிந்தால் கோழிக்குத் தீவனம் அள்ளிப் போடுகிறேன். ஒருநாள்கூட அவள் எங்கள் இருவரையும் ஒப்பிட்டுப் பேசியதில்லை. அந்த வேலையை நானே செய்துகொண்டேன்.

போன சித்திரையில் அந்த அத்தை இறந்துபோனார். காரியத்துக்கு ஆப்பிரிக்காவில் இருந்து மகன் வந்தார். நான் அவரை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மொட்டைத்தலை, மழித்த மீசை, தொப்பை, சர்க்கரை மாத்திரை. அவருக்கும் தாமதமாகக் கல்யாணமாகி, பெருந்துறையில் மனைவியும் மகனும் இருக்கிறார்கள். எனக்குள் ஏதோ ஒன்று கீழே இறங்கியது போல இருந்தது. இவ்வளவுதானா என்று நினைத்தேன். அப்போது என் மனைவி அவருக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுத்து, "குடிங்க மாமா" என்றாள். என்னை அவள் ஒருநாளும் மாமா என்று கூப்பிட்டதில்லை. 'ஏனுங்க'தான். இறங்கியது மறுபடி ஏறிவிட்டது.

முறை இன்னும் கொடுமையானது. அவர் என் மகளுக்குப் பெரியப்பா ஆக வேண்டும், எனக்கு அண்ணன். அப்படித்தான் கூப்பிட்டேன்.

காரியமெல்லாம் முடிந்து, ஆப்பிரிக்காவுக்குத் திரும்புகிற அன்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். மனைவிதான் அழைத்திருந்தாள். காலையிலேயே நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். பண்ணையில் ஆயிரக்கணக்கில் கோழி வைத்திருப்பவன் வீட்டுக்கு, பக்கத்துத் தோட்டத்தில் சொல்லிவைத்து வாங்கிய நாட்டுக்கோழி. சாப்பிடும்போது மகள் அவரிடம் அங்கே சிங்கம் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டாள்.

"எங்க சாமி! நாங்க போர் போட்டதெல்லாம் வறண்ட காடு. மனுசனுக்கே தண்ணியில்ல, சிங்கம் எதுக்கு வருது? நான் பாத்த சிங்கம் வண்டலூர்ல பாத்ததுதான்" என்றார்.

மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன், மனப்பூர்வமாக. மனைவி மட்டும் சிரிக்காமல் அவருக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

சாப்பிட்டு எழுந்ததும் மகள்தான் அந்தப் பேச்சை எடுத்தாள். "அம்மா எப்பவும் ஒரு வேட்டைக்காரன் படம் சொல்லுவாங்க பெரியப்பா. நீங்கதான் கூட்டிட்டுப் போனீங்களாமா?" அவர் சற்று யோசித்துவிட்டு, ஆமாம், ஏதோ பார்த்தோம் என்றார். மகள் செல்போனில் தேடத் தொடங்கினாள். ஒற்றைத் தந்தம், படகு, தொப்பி என்று ஒவ்வொன்றாகப் போட்டுத் தேடி, கொஞ்ச நேரத்தில் படத்தையே பிடித்துவிட்டாள். தமிழில் குரல் கொடுத்ததும் இருந்தது. டிவியில் போட்டாள்.

நாங்கள் நால்வரும் உட்கார்ந்தோம். மனைவி தரையில் சுவரோரமாக, அவர் நாற்காலியில், நான் கட்டிலில். நான் படத்தைப் பார்க்கவில்லை. அவளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு காட்சி வருவதற்கு முன்பே அவள் முகம் மாறும். உடனே அவர் முகத்தைப் பார்ப்பேன், அங்கேயும் மாறுகிறதா என்று.

பாதியில் பண்ணையில் இருந்து போன் வந்தது. மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை என்றார் வேலைக்காரர். அந்த வெயிலில் கோழிக்குத் தண்ணீர் நின்றால் என்ன ஆகும் என்பது யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மனைவி திரும்பிப் பார்த்து, "போய் என்னனு பாத்துட்டு வாங்க" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் நான் எழுந்திருக்கவில்லை. பக்கத்துப் பண்ணையில் சொல்லி டேங்கர் தண்ணீரைக் கொண்டுவந்து தொட்டியில் விடச் சொன்னேன். போனை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். என் கோழிகளை விட்டு நான் அப்படி உட்கார்ந்தது வேறு எதற்காகவும் இல்லை. அவர்கள் இரண்டு பேரும் அந்தப் படகுத்துறையைப் பார்க்கும்போது நான் அங்கே இருக்க வேண்டும்.

படகுத்துறை வந்தது. அவள் சொன்னபடியே எல்லாம் இருந்தது. மரப்பலகை, ஆறு, வெள்ளை உடுப்பில் அந்தப் பெண். வேட்டைக்காரன் தொப்பியைக் கழற்றி அவள் தலையில் வைத்தான். என் மனைவியின் உதடுகள் அசைந்தன. அந்த வசனத்தை அவள் தனக்குள் சொல்லிக்கொள்கிறாள் என்று தெரிந்தது.

திரையில் அவன் வேறு எதையோ சொன்னான். "எனக்காகக் காத்திருக்காதே. நான் போன பிறகு இதை ஆற்றில் வீசிவிடு."

படகு போனது. அந்தப் பெண் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தப்பா சொல்றாங்க" என்றாள் மனைவி. தமிழில் பேசினவர்கள் மாற்றிவிட்டார்கள், இங்கிலீஷில் போடு என்று மகளிடம் சொன்னாள். மகள் பின்னால் தள்ளி இங்கிலீஷில் வைத்தாள். இரண்டு தடவை கேட்டாள். அப்புறம் தயங்கித் தயங்கி, "அதேதாம்மா. வெயிட் பண்ணாதனுதான் சொல்றாரு" என்றாள்.

மகளுக்கு அது ஒரு படம். அவள் அடுத்த காட்சிக்குப் போகட்டுமா என்று கேட்டாள். மனைவி நிறுத்தச் சொன்னாள். திரையில் அந்தப் பெண் கையில் தொப்பியோடு அப்படியே நின்றாள். மனைவி அவர் பக்கம் திரும்பினாள். வருத்தமோ கோபமோ இல்லாத குரலில்தான் கேட்டாள்.

"மாமா, நான் வர்ற வரைக்கும் வெச்சிருன்னு நீங்கதான அன்னிக்கு சொன்னீங்க?"

அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன் நான். பொறாமைக்காரனுக்கு அந்த ஒரு படிப்பு மட்டும் நன்றாக வரும். அவர் கண்ணில் அந்தத் தியேட்டர் வந்தது. மின்விசிறி வந்தது, தூங்குகிற இரண்டு பெண்கள் வந்தார்கள், காதோடு சொன்ன வார்த்தை வந்தது. எல்லாம் வந்ததை நான் பார்த்தேன். பிறகு அவர் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"எனக்கு இங்கிலீஷ் எங்க சாமி தெரியும் அப்ப? வாய்க்கு வந்ததச் சொல்லியிருப்பேன். இப்ப ஒண்ணும் நெனப்பில்ல."

மனைவி தலையாட்டினாள். காப்பி வைக்கிறேன் என்று எழுந்து உள்ளே போனாள். சமையலறையில் பாத்திரச் சத்தம் வழக்கம்போலத்தான் கேட்டது. மீதிப் படத்தை யாரும் போடவில்லை.

அந்தப் பதில்தான் நான் இத்தனை வருடமாக வேண்டிக்கொண்டிருந்தது. அவருக்கு இவள் ஒன்றும் இல்லை என்று அவர் வாயாலேயே வர வேண்டும், அதை இவள் கேட்க வேண்டும். வந்தது, கேட்டாள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. காப்பி கொண்டுவந்தபோது அவள் முகம் கழுவியிருந்தாள். இந்த மனுஷன் சொன்ன ஒரு வார்த்தைக்கு இன்னும் முகம் கழுவ வேண்டியிருக்கிறதே என்று இருந்தது. நான் எவ்வளவோ கடுமையாகப் பேசியிருக்கிறேன். ஒருநாளும் அவள் எழுந்துபோய் முகம் கழுவியதில்லை.

சாயங்காலம் சென்னை ரயிலுக்கு அவரை ஈரோடு ரயில் நிலையத்தில் விட நான்தான் காரை எடுத்தேன். வாசலில் மனைவி முறுக்கும் எள்ளுருண்டையும் கட்டிக் கொடுத்தாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். "போயிட்டு வாரேன் சாமி" என்றார் அவர். சாமி என்று எங்கள் பக்கம் யாரும் யாரையும் கூப்பிடுவதுதான். பெரியவரையும் கூப்பிடுவோம், பிள்ளையையும் கூப்பிடுவோம். இருந்தாலும் அதை நான் கேட்டுக்கொண்டுதான் வண்டியை ஸ்டார்ட் செய்தேன்.

திருச்செங்கோடு தாண்டும்வரை மழையைப் பற்றியும் முட்டை விலையைப் பற்றியும் பேசினோம். அவர் மலையைப் பார்த்துக் கும்பிட்டார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"உங்களுக்கு நெனப்பிருந்துதுங்கண்ணா. நான் பாத்தேன்" என்றேன்.

அவர் மறுக்கவில்லை. வெளியே பார்த்தார். ரோட்டோரத்தில் வரிசையாக ரிக் வண்டிகள் நின்றுகொண்டிருந்தன.

"அவ கேக்கறப்ப நீங்க பக்கத்துல இருந்தீங்க தம்பி" என்றார்.

அவ்வளவுதான். ஏன் வரவில்லை என்று நான் கேட்டிருக்கலாம். அங்கே என்ன நடந்தது, எதில் மாட்டிக்கொண்டார், அல்லது எதிலும் மாட்டிக்கொள்ளாமலேயே விட்டுவிட்டாரா என்று தெரிந்திருக்கும். கேட்கவில்லை. அவருக்கு நல்ல காரணம் ஒன்று இருந்துவிட்டால் அதையும் நான் சுமக்க வேண்டும். ரயில் நிலையத்தில் பெட்டியை இறக்கிக் கொடுத்தேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். எனக்காக ஒரு பொய் சொன்ன மனிதரின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நன்றி வந்திருக்க வேண்டிய இடம் அது. இதிலும் இவர் என்னைவிடப் பெரிய மனிதராகிவிட்டாரே என்றுதான் வந்தது.

நான் எழுந்து மோட்டாரைப் பார்க்கப் போயிருந்தால் அவர் என்ன பதில் சொல்லியிருப்பார் என்பதை வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். இப்போதும் தீவனம் கொட்டும்போது, முட்டை அட்டை அடுக்கும்போது அதைத்தான் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு மனைவி அந்தப் படத்தைப் பற்றிப் பேசுவதில்லை. ஒருமுறை மகளிடம் சிரித்துக்கொண்டே, இல்லாத ஒரு வசனத்தை நம்பி எத்தனை மாப்பிள்ளையைத் திருப்பி அனுப்பினேன் பார், என்றாள். மகளும் சிரித்தாள். எனக்கு மட்டும் அந்த வசனம் இருந்தது என்று தெரியும். படத்தில் இல்லை, தியேட்டரில் இருந்தது.

போன வாரம் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க ஏறியிருந்தேன். போர்வையின் ஒரு முனையை என் கையில் கொடுத்துப் பிழியச் சொன்னவள், பிழிந்துகொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, அவரு நெசமாலுமே மறந்திருப்பாருங்களா?"

போர்வையில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் என் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன வருசம் ஆச்சு. மறந்திருப்பாரு" என்றேன்.

"இருக்கும்" என்று சொல்லிவிட்டு, போர்வையை உதறிக் கொடியில் போட்டாள்.