கொடியைப் பிடித்தவன்

இது கட்டுக்கதை இல்லை. சந்தேகம் இருந்தால் வெள்ளவத்தைக்குப் போய், ஆரணியின் கணவன் உமாசுதனின் வலது உள்ளங்கையைப் பார்த்துவிட்டு வந்து என்னோடு கதையுங்கள். நடந்து எட்டு மாதமாகிறது. புண் இன்னும் ஆறவில்லை.

ஆரணி வீடியோ எடுப்பவள். கொழும்பில் 'முத்துக் கிண்ணம்' என்று ஒரு கோல்ஃப் போட்டி நடந்தது. வெளிநாட்டு வீரர்களெல்லாம் பரிசுப் பணத்துக்காக வந்து விளையாடிய பெரிய போட்டி, பல வருடங்களுக்கு முன் சத்தமில்லாமல் அடியோடு நின்றுபோனது. அதைப் பற்றிப் படம் எடுக்கப் போன ஆரணி ஏன் என்று கேட்டால், பழைய ஆட்கள் பேச்சை மாற்றினார்கள். கடைசி இறுதிச்சுற்றில் தோற்ற கதிர்காமநாதனோ பக்கவாதம் வந்து, கொள்ளுப்பிட்டி வீட்டில் பேச்சில்லாமல் கிடந்தார். அவர் மகள் சுபோதினி பாதியில் தொலைபேசியை வைத்துவிட்டாள். ஆரணிக்கு எரிச்சல். மைதானத்தையாவது படம் பிடிப்போம் என்று புருஷனையும் இழுத்துக்கொண்டு போனாள்.

முகத்துவாரம் பக்கம், கைவிடப்பட்ட மைதானம். பின்னேர மழை அப்போதுதான் விட்டிருந்தது. எங்கும் புதர். கடைசிக் குழியைச் சுற்றி மட்டும் புல் ஒட்ட வெட்டியிருந்தது. குழியில் கொடியும் நின்றது...

படத்துக்காக உமாசுதனைக் கொடியைப் பிடிக்கச் சொன்னாள். வீரர் தூரத்தில் நின்று பந்தை உருட்டும்போது, அவருடைய மட்டைப் பை தூக்கும் உதவியாள் அப்படித்தான் நிற்பான். பந்து நெருங்கியதும் பிடுங்கிவிட வேண்டும். கொடியில் பந்து பட்டால் அந்தக் காலத்து விதிப்படி வீரருக்குத் தண்டனை.

டொக்...

ஆரணி கமராவிலிருந்து கண்ணை எடுத்தாள். ஆளில்லை. பந்துமில்லை. ஆனால் ஈரப் புல்லில் ஒரு கோடு விழுந்துகொண்டிருந்தது. மெல்ல... உமாசுதனை நோக்கி... பாதியில் நின்றது.

"எடுத்தது காணும், வாங்கோ" என்றாள்.

அவன் அசையவில்லை. "கை வருகுதில்லை. அங்கால ஆரோ நிக்குது ஆரணி. என்னையே பாக்குது."

டொக்... இரண்டாவது கோடு. இன்னும் கிட்ட.

அவள் காதோரம் ஒரு குரல் சீறியது. "இழுடா நாயே."

உமாசுதன் இழுத்தான். கழுத்து நரம்பு புடைக்க இழுத்தான். கொடி வரவில்லை.

டொக்.

மூன்றாவது கோடு நேராக வந்தது. அதன் பக்கத்தில் புல் அமுங்கியது. ஒரு கால்... மறு கால்... ஓடி வரும் கால்கள்.

எதையோ ஓங்கும் சத்தம். விஷ்...

ஆரணி கமராவைப் போட்டுவிட்டு ஓடினாள். அந்தக் கோட்டை மிதித்துக்கொண்டு ஓடினாள். அவனைக் கட்டிப் பிடித்து இழுத்தாள்.

தோல் உரிந்து கை விடுபட்டது.

சத்தம் நின்றது.

மூன்றாம் நாள் சுபோதினியே ஆரணிக்குத் தொலைபேசி எடுத்தாள். இனி மறைக்க ஒன்றுமில்லை என்றாள். கடைசி இறுதிச்சுற்றில் கொடி குழிக்குள் சிக்கிக்கொண்டது. பந்து அதில் பட்டது. அந்தத் தண்டனையால் கிண்ணம் போனது. அவள் அப்பா தன் உதவியாளை மட்டையால் அடித்தார், அவன் அங்கேயே செத்துப்போனான். பெரிய இடத்து ஆட்கள் அதை விபத்து என்று மூடிவிட்டு, போட்டியையும் நிறுத்திவிட்டார்கள். அப்பா முந்தாநாள் பின்னேரம், மழை விட்ட கையோடு காலமானார் என்றாள்.

"வருசக்கணக்காக் கதைக்காத மனிசன், அக்கா. சாகேக்க மட்டும் கத்தினவர். 'ஆரோ ஒருத்தி என்ர கோட்டை மிதிச்சுப்போட்டாள், அவளை விடமாட்டன்' எண்டு."

மைதானத்தில் நடந்ததை ஆரணி அதுவரை ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை.