ஞாயிற்றுக்கிழமை காணாமல் போன சத்தம்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டு டிவி ஊமையாகிவிட்டது. அதுவும் எப்போது? வாயைத் திறந்தே ஆகவேண்டிய நேரத்தில்!

என் மனைவி கிரேஸின் தங்கை ஜெனி அயர்லாந்தில் நர்ஸ். அவள் மகளுக்கு அன்று ஞானஸ்நானம். சர்ச்சிலிருந்து லைவ். குழந்தைக்கு என்ன பேர் என்று கேட்டால், "பாஸ்டர் கேக்கும்போது சொல்லுவேன், அப்போ கேட்டுக்கோங்க" என்று பிறந்த நாளிலிருந்து டபாய்த்துக்கொண்டிருந்தாள். கிரேஸுக்கு அந்தப் பேரை ஜெனி வாயாலேயே கேட்டுவிட வேண்டும்.

"போன்ல பார்த்தா இன்னா தெரியும்? டிவில போடுங்க."

"இவ்வளவுதானே!" என்றேன். இந்த வார்த்தையைச் சொல்லி நான் நிம்மதியாக இருந்ததாகச் சரித்திரமே இல்லை.

பக்கத்து வீட்டு மச்சானையும் கூப்பிடலாமா என்று மெதுவாகக் கேட்டேன். மச்சான் என்றால் கிரேஸின் அண்ணன். தாயில்லாத ஜெனியை வளர்த்ததே அவரும் அவர் மனைவியும்தான். அண்ணி போன வருஷம் தவறிவிட்டார். நந்திதுர்க்கில் எங்கள் பழைய தங்கச் சுரங்க குவார்ட்டர்ஸில் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். ஆனால், கிறிஸ்துமஸ் ஸ்டாரை யார் வாசலில் கட்டுவது என்று அண்ணனும் தங்கையும் முட்டிக்கொண்டதிலிருந்து பேச்சு கிடையாது.

"அவர் வந்தா நான் எழுந்து போய்டுவேன்" என்றாள் கிரேஸ்.

ராபர்ட்சன்பேட்டையில் வாங்கிய எச்டிஎம்ஐ கேபிளைச் சொருகினேன். டிவியில் ஒரு மலை, ஒரு ஏரி. அட, லேப்டாப்பின் வால்பேப்பர்! சர்ச் மட்டும் லேப்டாப்பிலேயே உட்கார்ந்திருந்தது. 'எக்ஸ்டெண்ட்' என்று இருந்ததை 'டூப்ளிகேட்' என்று மாற்றியதும் டிவிக்கு வந்தது. வந்தது சரி... பாஸ்டருக்குத் தலை இல்லை! ரிமோட்டில் எதையெதையோ அழுத்தித் தலையையும் வரவழைத்தேன். எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன்.

"சத்தம்?" என்றாள் கிரேஸ்.

டிவியில் இல்லை. லேப்டாப்பிலும் இல்லை. வால்யூமை நூறுக்கு ஏற்றினேன். கேபிளைப் பிடுங்கி மறுபடி சொருகினேன். ம்ஹூம்! ரீஸ்டார்ட் செய்யலாம்தான் — படமும் போய்விட்டால்? சுவருக்கு அந்தப் பக்கம் மட்டும் யாரோ முணுமுணுவென்று பேசுவது கேட்டது.

"வேணும்னே இப்போ டிவி வைக்கிறாரு பாருங்க" என்று பல்லைக் கடித்தாள் கிரேஸ்.

அதற்குள் ஜெனி குழந்தையோடு முன்னால் வந்துவிட்டாள். பாஸ்டர் ஏதோ கேட்டார். ஜெனியின் உதடு அசைந்தது. தண்ணீரைத் தெளித்தார். அவ்வளவுதான், முடிந்துபோயிற்று.

கிரேஸ் அழுதேவிட்டாள்.

"ரெக்கார்டிங் வரும், அப்புறம் கேட்டுக்கலாம்..."

"ஊரெல்லாம் கேட்டப்புறம் நான் கேக்கணுமா?"

பாவமாக இருந்தது. என் மேல் எனக்கே எரிச்சல்.

அப்போது வாசலில் நிழல். மச்சான்! இரண்டு கையாலும் தன் ஸ்பீக்கரை அணைத்துப் பிடித்திருந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"பாட்டு கேக்கலாம்னு இத ஆன் பண்ணேன் மாப்ளே. நம்ம ஜெனி பேசுது இதுல!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சண்டைக்கு முந்தைய நாள், கேரல்ஸ் பாட்டுக்காக அந்த ஸ்பீக்கரை என் லேப்டாப்போடு ப்ளூடூத்தில் இணைத்தவனே நான்தான். ஆன் செய்ததும் அது பழைய பழக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. படம் எங்கள் வீட்டில், சத்தம் அவர் வீட்டில்!

மச்சான் தங்கையைப் பார்த்தார். "கிரேஸு... பாப்பாக்கு எஸ்தர்னு பேரு வச்சிக்கிதும்மா."

"அண்ணி பேரா?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார். கிரேஸ் ஓடிப்போய் அண்ணன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ஸ்பீக்கரை டிவிக்குக் கீழே வைத்து, லைவைப் பின்னால் தள்ளி, அந்தப் பேரை மூன்று பேரும் திரும்பத் திரும்பக் கேட்டோம். இனி இந்தத் தொல்லை வேண்டாமே என்று ப்ளூடூத்தை அணைக்கப் போனேன்.

"அதுல கைய வச்சீங்க... அவ்ளோதான்!" என்றாள் கிரேஸ்.

காபி குடித்துக்கொண்டே மச்சான் சொன்னார்: "இந்த வருஷம் ஸ்டார் உன் வாசல்லயே இருக்கட்டும்மா."

"அதெல்லாம் வேணாம். உன் வாசல்லதான் கட்டணும்!"

"நான் சொல்றத கேளு கிரேஸு!"

"நீ கேளுண்ணா!"

அடுத்த சண்டை ஆரம்பம். இந்தத் தடவை சத்தத்துக்கு ஒரு குறையும் இல்லை!